மூன்றாம் கயிறு

பார்த்தால் ஒன்றும் தெரியாது.
கிரீஸ் மினுங்கும் உடம்பு, பிசகாத முறுக்கு,
எட்டுப் புரி, புரிக்குப் பத்தொன்பது கம்பி,
நடுவில் எண்ணெய் குடித்துக் கிடக்கும் நார்.
முறிவு உள்ளிருந்துதான் ஆரம்பிக்கும்.

கோட்டாற்றில் ஐந்து மாடி ஆஸ்பத்திரி.
இரவு ஒன்றரைக்குத்தான் லிப்டை என்னிடம் விட்டார்கள்.
மொட்டைமாடி மோட்டார் அறையின் தகரக் கதவை
ஆரல்வாய்மொழிக் காற்று பிடித்து உலுக்குகிறது.
கிழக்கே காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
ஒன்றாக அணைந்து ஒன்றாக எரிகின்றன.
மாஹீன் டார்ச் பிடிக்கிறார்.
பகலெல்லாம் ஸ்டூலில் இருந்து பொத்தான் அமுக்குகிறவர்,
இன்றுதான் தன் பெட்டி எதில் தொங்குகிறதென்று பார்க்கிறார்.
"அஞ்சுதானா?" என்கிறார்.

காந்தத் தலையைக் கயிற்றில் கவ்விப் பூட்டுகிறேன்.
மெதுவேகத்தில் பெட்டி ஏறுகிறது.
முழுசான கம்பிக்குள் காந்தம் அடங்கி ஓடும்;
முறிந்த இடத்தில் மட்டும் போக வழியின்றி
வெளியே பிதுங்கும்.
சுருள் அதைத் தொட்டு
சில மில்லிவோல்ட் முனகும்.
அந்த முனகலைக் கேட்கத்தான்
எனக்குச் சம்பளம்.

முதல் கயிறு: கோடு படுத்தே கிடக்கிறது.
இரண்டாவதும்.
மூன்றாவது, பதினொன்று புள்ளி நான்கு மீட்டரில்
எழுந்து நின்றது.
திரும்ப ஓட்டினேன். அதே இடம், அதே உயரம்.

டார்ச்சைக் கிட்டே கொண்டுவரச் சொன்னேன்.
புரிகளின் இடுக்கில் செம்பொடி.
"எலக்ட்ரீசியன் போன ஆயுத பூசைக்கு வச்ச
குங்குமமா இருக்கும் மேடம்."
ஒன்பது மாதக் குங்குமம் கிரீசில் தங்காது.
விரலில் தேய்த்தேன்.
கம்பியும் கம்பியும் உரசி உதிர்ந்த இரும்பு.
மோட்டாரின் நெற்றியிலிருந்த பொட்டு
எப்போதோ கறுத்துவிட்டது.

"ரெண்டுக்கும் மூணுக்கும் எடையில ஒரு சத்தம் உண்டும்.
சொன்னா ஆரு கேக்கா?" என்றார் மாஹீன்.

பெட்டி எந்த மாடியில் அதிகம் நின்று புறப்படுகிறதோ
அப்போது உருளையில் வளைந்திருக்கும் துண்டுதான்
முதலில் தேயும்.
மீட்டரை மாடியாக மாற்றிக் கணக்குப் போட்டேன்.
மூன்று.
"மூணுல என்ன, பிரசவ வார்டா?"
"அது ரெண்டுல. மூணு பில்லு கெட்டுற எடம்.
ஊசிக்கு ஒருக்கா, ஸ்கேனுக்கு ஒருக்கா,
ரத்தத்துக்கு ஒருக்கா.
நேத்து முட்டத்துக்காரரு ஒருத்தரு
ராவுக்குள்ள ஏழு மட்டம் ஏறி எறங்கினாரு.
கடைசி மட்டம் வரும்போ
கழுத்துல செயினு இல்ல."

நான்கும் ஐந்தும் ஓட்டி முடித்தேன்.

மேனேஜர் டெல்பின் போனில் வந்தார்.
தூக்கக் குரல்.
"ஓணம் வரைக்கும் ஓடுமா மேடம்?"
ஓடும்.
மீதி நான்கும் தாராளமாகத் தாங்கும்;
யாரும் விழமாட்டார்கள், யாருக்கும் தெரியாது.
ஓடும் என்பதுதான் சிக்கல்.
"மூணாவது மட்டும் மாத்தினாப் போதுமா?"
போதாது.
பழைய நான்குக்கு நடுவே ஒரு புதுக் கயிறு
சுமையைச் சரியாகப் பங்கிடாது.
ஐந்தையும்தான்.
எதிர்முனையில் அவர் மூச்சு மட்டும்
கொஞ்ச நேரம் கேட்டது.

படிவத்தில் எழுதினேன்:
கயிறு மூன்று, பதினொன்று புள்ளி நான்கு மீட்டர்,
ஒரு முறுக்கு நீளத்துக்குள் பதினாறு முறிவு, துரு.
எந்த மாடி என்று எழுதக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதலாமா என்று யோசித்து,
பேனாவை மூடினேன்.

மெயினை இறக்கிப் பூட்டுப் போட்டபோது
நாலு பத்து.
மாஹீன் கீழே அட்டை தொங்கவிட முன்னால் இறங்கினார்.
நான் பெட்டியைத் தோளில் மாட்டிப் படியிறங்க,
இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஒருவர்
சீட்டைப் பல்லில் கடித்தபடி,
ஒரு கையில் பிளாஸ்க், மறுகையில் மஞ்சப்பை,
மூச்சு வாங்க ஏறி வந்தார்.
சுவரோடு ஒட்டி வழி விட்டேன்.

சீட்டை எடுத்துக்கொண்டு கேட்டார்:
"மேல ஆளு உண்டுமா?"
உண்டு என்றேன்.