மூச்சு விடும் இடம்

மச்சான் பனியடிமை கப்பலில் இருந்து
கொண்டு வந்த கேசட் ஐந்து.
ஹாம்பர்க்கில் ஒன்று, மார்செயில் ஒன்று,
யோகஹாமாவில் கூட ஒன்று.
அவன் இறங்கிய துறையெல்லாம்
அவனுக்கு முந்தி இறங்கியிருந்தாள்
தெஸ்பினா, கிரேக்கத்துக்காரி.
ஊருக்கு ஒரு பாஷை. மெட்டு ஒன்றுதான்.

குளச்சல் கோயில் திருநாளுக்கு
மைக் செட் என்னுடையது.
பூசைக்கும் நாடகத்துக்கும் நடுவே
அவளைப் போடுவேன்.
பங்குத்தந்தை கேட்டார்,
"எந்த மாதா பாட்டுடே இது?"

நாலு கேசட்டில்
ஒரு சொல்லுக்கு முன்னால்
சின்னதாய் ஒரு மூச்சு,
படி உயரம் தெரியாத வீட்டில்
கால் வைப்பதுபோல.
ஐந்தாவதில் அது இல்லை.
அட்டையில் எழுத்து புரியாவிட்டாலும்
அதுதான் அவள் வீடு.

எனக்கும் உண்டு அந்த மூச்சு.
திருவனந்தபுரம் சாலைக் கடையில்
ஸ்பீக்கருக்கு மலையாளத்தில் விலை பேசும்போது,
போலீஸ் ஸ்டேஷனில்
"சார், பர்மிஷன்" எனும்போது.

போன மழையில் ஒயர் அடித்து
மணலில் போய் விழுந்தேன்.
எந்த பாஷையில் கத்தினேன் என்று
பெட்டி தூக்கும் பையனிடம் கேட்டேன்.
"நீங்க கத்தவே இல்லண்ணே.
அவ பாடிட்டே கெடந்தா."