அரைக் குளிசை

கஸ்தூரியார் வீதி. நகைக்கடைக்கு மேலே
இரும்புப்படி இருபத்திரண்டு.
பதினாலாவதில் நிண்டு மூச்சு வாங்கினன்.
அதையும் ஒரு வருத்தமாய்ப் பதிஞ்சிடுவாளோ எண்டு
மிச்சப் படியை வாயை மூடிக்கொண்டு ஏறினன்.

"அன்ரி, வயது?"
எழுபத்து மூண்டு.
துஷாராவின்ரை விரல் அட்டவணையில் இறங்குது.
எழுபதில் ஒரு கோடு.
கோட்டுக்குக் கீழே இலக்கங்கள் எல்லாம்
மழைக்காலத்து அட்டை மாதிரிக் கொழுத்துக் கிடக்கு.

"வருத்தம் ஏதும்?"
சீனிக்கு இரண்டு நேரம்,
பிறஷருக்குக் காலமை ஒண்டு,
கொழுப்புக்குப் படுக்கப் போகேக்க,
நெஞ்சுக்குழாயில் ஒரு கம்பிச் சுருள், ஆறு வருஷமாய்.
பெரியாஸ்பத்திரி மருந்து யன்னலில்
முப்பத்தொரு வருஷம் மற்றவைக்கு எண்ணிக் குடுத்தனான்.
ஒண்டும் ஒளிக்கேல்லை.
கொழும்புத்துறை மரியநாயகத்தார்
சீனி இல்லை எண்டு எழுதிப்போட்டுப் போனவர்.
லண்டனில் மூண்டு நாள் கட்டில்.
மகன் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

முதல் கொம்பனி மாட்டன் எண்டிட்டுது.
இரண்டாவது, பிளேன் ரிக்கற்றை விடக் கூட.
மூண்டாவது,
நெஞ்சை விட்டிட்டு மிச்ச உடம்புக்குத் தரலாமாம்.
"அப்ப நெஞ்சை அலுமாரிக்குள்ள வைச்சுப் பூட்டிப்போட்டு வரட்டோ பிள்ளை?"
அவள் சிரிக்கேல்லை. இப்படி எத்தினை பேர் கேட்டிருப்பினம்.

நாலாவது கட்டுப்படியாகும்.
முதல் ஆயிரம் டொலர் எங்கடை கையால.
செத்தால் பெட்டியில் வைச்சுப் பலாலிவரை கொண்டுவந்து தருவினம்,
அதுக்கு மட்டும் வயது வித்தியாசம் இல்லை.
ஒரு நிபந்தனை, பொடி எழுத்தில்:
வெளிக்கிடுகிற நாளுக்கு முந்தின தொண்ணூறு நாளும்
மருந்தின்ரை அளவு மாறக் கூடாது.
கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

மொன்றியலில் றெஜினோல்ட்டின்ரை மனுசிக்கு
மாசி நாலாந் திகதிக்குச் சொல்லியிருக்கு.
தை கடைசியில் எனக்குச் சீற்.

கார்த்திகை பதினேழு, செவ்வாய்க் கிளினிக்.
டொக்டர் பெட்டை பட்டியைச் சுத்தினாள், இறக்கினாள்,
திரும்பவும் சுத்தினாள்.
நூற்றி அறுபத்தெட்டு.
"அன்ரி, இரவில ஒரு அரை கூட்டுவம்."

அரை.
விரல்நுனியில் ஒட்டுகிற வெள்ளைத் துண்டு.
அது தை மாதத்தைத் தூக்கி
மாசியின்ரை நடுவில போட்டிட்டுது.
அடுத்தமுறை இன்னொரு அரை எண்டால் பங்குனி, சித்திரை.

"போட்டு வந்த பிறகு கூட்டினால் என்ன, மகள்?"
கேட்ட குரல் என்ரைதான்.
குளிசையோட பேரம் பேசாதேங்கோ எண்டு
யன்னலுக்குள்ளால எத்தினை பேரை ஏசியிருப்பன்.
நெடுந்தீவில இருந்து வள்ளத்தில வந்த ஒரு மனுசியை
அழப்பண்ணினது கூட ஞாபகம்.

அவள் பேனையை மூடினாள். குரலைத் தணிச்சாள்.
"அப்ப கொப்பியில எழுதாமல் விடுறன்.
நீங்கள் வெளியில வாங்கிப் போடுங்கோ."

நல்ல பிள்ளை. கண்ணுக்குக் கீழே கறுப்பு,
இரவு முழுக்க வார்ட்டில நிண்டிருப்பாள்.
வெளியில வாங்குக் கட்டையில்
என்ரை இலக்கத்துக்குப் பின்னால நாப்பது பேர் இருமுகினம்.
பாசியூர் கடற்காத்து மாதிரி ஒரு ஆசை
உள்ளுக்குள்ள வந்து தொட்டுது. 
நெஞ்சைத்தான் முதல் தொட்டுது.

"எழுதுங்கோ பிள்ளை.
திகதியையும் வடிவாய் எழுதுங்கோ."

இரவு அவனுக்கு வட்ஸ்அப்பில் சொன்னன்.
கனநேரம் பேசாமல் இருந்தான்.
பிறகு, "பிள்ளை பிரண்டு படுக்கிற நேரத்துக்கு வருவியள் அம்மா" எண்டான்.
பிரண்டு படுக்க எத்தினை மாசம் எண்டு
அவனுக்குத் தெரியாது. நான் சொல்லேல்லை.

பலகையில் வைச்சுக் கத்தியால் நடுவே அழுத்தினன்.
ஒரு பாதி தெறிச்சு அடுப்படிக்குக் கீழே போச்சுது.
குந்தியிருந்து தேடி எடுக்க அஞ்சு நிமிஷம்.
ஊதிப்போட்டு, அதையே விழுங்கினன்.

கோயில் கலண்டரில் பென்சிலால் குறிச்சன்:
இண்டைக்கு ஒண்டு.