மெயின் யாரு

கானாடுகாத்தானில் ஹோட்டலாகிவிட்ட பெரிய வீடு.
இரண்டாங்கட்டு வளவில் எட்டு மைக் வைத்தேன்,
சுசோவிலிருந்து வந்த எட்டுப் பேருக்கு.
கொப்புடையாள் சவுண்ட் சர்வீஸ், காரைக்குடி.
கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம்,
எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்:
மெயின் யாரு?

மேடை வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.
சாப்பாட்டு மேசையை நடுவில் இழுத்துப் போட்டு
சீட்டாட வந்தவர்கள் போலச் சுற்றி உட்கார்ந்தார்கள்.
எங்களுக்கு முதுகுதான்.

குழல்காரர் கூவுக்கு ஒரு சிக்கல்.
ஊதும் துளைக்குப் பக்கத்துத் துளையில்
வெங்காயச் சருகு போல் ஒட்டியிருந்த நாணல் சவ்வு
பங்குனி வெயிலில் விறைத்துப் பிளந்துவிட்டது.
புதிதாக ஒட்டப் பூண்டு வேண்டுமாம்.
"என்ன, ரசம் வைக்கப் போறாகளா?"
என்றபடி வயிரவன் ஒரு பல் உரித்துக் கொடுத்தான்.
சாறு தடவி ஒட்டியதும் குழல் கிர்ரென்றது.
என் ஸ்பீக்கரில் அந்தச் சத்தம் வந்தால்
கூம்பு கிழிந்ததென்று அர்த்தம்.
அவருக்கு அதுதான் வேண்டும்.

மெயின் யாரு?
மொழிபெயர்க்க வந்த ஷூமெய் கேட்டாள். சிரித்தார்கள்.
"எல்லாருக்கும் ஒரே பாட்டு" என்றாள்.
பின்பாட்டு? இல்லை.
சுருதிக்கு யாராவது? இல்லை.

குழலை ஏற்றினேன்.
குழல் ஒரே சுரத்தில் சும்மா நின்றது,
இரண்டு கம்பிப் பிடில் அதைச் சுற்றி வளைந்து வளைந்து போனது.
பிடிலை ஏற்றினேன்.
பிடில் நேரானது, குழல் நெளிய ஆரம்பித்தது.
ஊதினாலும் உறிஞ்சினாலும் ஒலிக்கிற மூங்கில் கொத்து
மூச்சுக்கு நிற்காமல் இரண்டு பேருக்கும் நடுவில்.

போன வருஷம் பள்ளத்தூர் வளைவில் பால்வண்டி கவிழ்ந்ததை
எட்டுப் பேர் ஒரே நேரத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.
ஒருத்தர் வண்டி நம்பரில் தொடங்கினார்,
ஒருத்தர் பிரேக்கில்.
ஒருத்தி, நாய் பால் நக்கியதை விடவே மாட்டேனென்றாள்.
கவிழ்ந்த இடம் மட்டும் எட்டுப் பேருக்கும் ஒன்று.

அடுத்ததும் அதே பாட்டுதான், பாதி வேகத்தில்.
தாளக்கட்டையின் இரண்டு அடிகளுக்கு நடுவே
ஒரு சைக்கிள் போகலாம், அவ்வளவு இடம்.
அந்த இடத்தில் பூ வைக்கிறார்களாம்.
எங்கள் பக்கம் பூ வைத்தால் பெண் நிச்சயமானதாக அர்த்தம்
என்றேன். ஷூமெய் அதை அவர்களிடம் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாக இறக்கினேன்.
எட்டாவதும் இறங்கிய பிறகுதான் தெரிந்தது:
முட்டைவெள்ளைச் சுவரும் ஆத்தங்குடித் தரையும்
எனக்கு முன்பே வேலையைத் தொடங்கியிருந்தன.

சேவுகன் ஓடிவந்தான், "அண்ணே, கரண்ட் போச்சா?"
இல்லடா, உட்காரு.

பில்லில் எட்டு மைக் போட்டேன்.
அதில் மாற்றமில்லை.