இருபத்தேழு வோல்ட் நீலம்

டைட்டேனியம் துருப்பிடிக்காது என்கிறார்கள்.
பிடிக்கிறது.
கடைசல் உளி உரித்த கணமே
காற்றில் ஒரு வாய் அள்ளி
கண்ணுக்குப் படாத தோலொன்றைப் போர்த்துக்கொள்கிறது.
அதோடு சரி. பிறகு துருவுக்கு வேலையில்லை.
கடல் வந்து நக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.

ஆனால் உரசல் ஆகாது அதற்கு.
தன் இனத்தோடு உரசினால்
தோல் கிழிந்து, உலோகம் உலோகத்தைக் கவ்வி,
மரையும் திருகாணியும் ஒரே கட்டியாகிவிடும்.
போன மாதம் கப்பலொன்றிலிருந்து திரும்பிவந்தது
அப்படி ஒரு ஜோடி.
பிரிக்க முடியாமல் அறுத்தோம்.
'கல்யாணம் ஆனவங்க மாதிரி' என்றான் ஹைருல்.
அவனுக்கு மணமாகி மூன்று வாரம்.

அதற்காகத்தான் நாங்கள்:
துவாஸ் சவுத் அவென்யூ, மூன்றாம் மாடி,
இரவு ஷிஃப்டில் ஏழு பேர்.

திருகாணிகள் உலைக்குப் போகும்.
எண்ணூறு டிகிரியில், நைட்ரஜனில், பதினாறு மணி நேரம்.
வெளியே வரும்போது பொன்னிறம்.
சிராங்கூன் சாலையில் கொண்டுபோய் நிறுத்தால்
ஒரு வெள்ளிகூடப் பெயராது.
ஆனால் அரம் வைத்துப் பாருங்கள், வழுக்கும்.
நாம் இழுத்து, ஒன்றுக்கும் உதவாதென்று
அப்படியே வெளியே விடும் அதே வாயு
அங்கே இறுகி உட்கார்ந்திருக்கிறது.

என் இடம் நிறத்தொட்டி.
நிறம் என்று பெயர்தான், சாயம் ஒரு சொட்டுக் கிடையாது.
மின்னழுத்தம் ஏற ஏறத் தோல் தடிக்கும்,
தடிப்புக்குத் தக்கபடி வெளிச்சம் ஏமாறும்.
பத்தில் வெண்கலம்.
இருபதில் கத்தரிப்பூ.
இருபத்தேழில்
மழைக்குச் சற்று முன்னால்
ஜோகூர் நீரிணைக்கு மேலே தெரியுமே, அந்த நீலம்.
எலும்பில் பதிக்கும் தகடுகள் அவை.
அளவுக்கொரு நிறம்;
அறுவை அறையில் தாதி நிறம் பார்த்து எடுத்து நீட்டுவாராம்.

செவ்வாய் இரவு நாற்பது தகடு.
முப்பத்தொன்பது சுத்தமான நீலம்.
ஒன்றில் மட்டும் ஒரு பெருவிரல்.

விரலின் எண்ணெய் தடுத்த இடத்தில்
தோல் தடிக்கவில்லை.
ஏழு வோல்ட் பின்தங்கி
கத்தரிப்பூவிலேயே நின்றுவிட்டது,
வரி வரியாக.

ஹுய் மின் லென்ஸைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டார்:
'யாருடையது?'

ஏழு பேரும் கையுறை கழற்றிக் கை நீட்டினோம்.
என்னைப் பார்க்கவேயில்லை அவர்.
'வல்லி, நீ உட்கார். உனக்குத்தான் ரேகையே கிடையாதே.'
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

உண்மைதான்.
பதினோரு வருடம் தேய்ப்புத்தாளும் அமிலமும்
தின்றதுபோக மிச்சமிருக்கும் விரல் இது.
வாசலில் வருகை எடுக்கும் இயந்திரம்
ஒவ்வோர் இரவும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும்:
மீண்டும் முயலவும்.
கடைசியில் எனக்கு மட்டும் ஓர் எண் கொடுத்துவிட்டார்கள்.

என் முறைக்கு நானும் லென்ஸில் குனிந்தேன்.
வரிகள் மங்கல்.
குறுக்கே, சாய்வாக, ஒரு வெட்டு.
புக்கிட் பாத்தோக் வீட்டில்
மத்தி மீன் டப்பா திறந்தபோது வாங்கியது,
இரண்டு தையல்.

இயந்திரத்துக்குத் தெரியாத என்னை
இது பிடித்துவைத்திருக்கிறது.
அதுவும் எந்த நிறத்தில்!
இவ்வளவு அழகாக
எந்தப் படிவத்திலும் நான் இருந்ததில்லை.

'என்னுடையதுதான்' என்றேன்.
கையுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
கட்டைவிரல் நுனியில் உளுந்தளவு ஓட்டை.

தகட்டை அமிலத்தில் இறக்கினேன்.
நீலம் போயிற்று, நான் போனேன்,
அரை நிமிடம்கூட ஆகவில்லை.
வெறும் சாம்பல் நிறத்தில் வெளியே வந்து
சொட்டிக்கொண்டே, யாரையும் கேட்காமல்,
மறுபடி ஒரு தோல் போர்த்துக்கொண்டது.
கழுவி, மாட்டி, இருபத்தேழு வோல்ட்.

நிராகரிப்புப் படிவத்தில்
காரணம் என்ற கட்டத்தில்
ஹுய் மின் ஒரே சொல் எழுதினார்:
தொடுகை.

காலை ஆறே முக்கால். வெளியே தூறல்.
என் எண்ணைத் தட்டாமல்
கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன்.
மீண்டும் முயலவும்.
பின்னால் ஹைருல், 'அக்கா, பஸ் போயிடும்' என்கிறான்.
விரலைச் சட்டையில் துடைத்துவிட்டு
மீண்டும் வைத்தேன்.