சில்லறையின் நோட்டு

தண்டையார்பேட்டை டிப்போவில்
டயர் அடுக்குக்குப் பின்னால் கிடைத்ததால்
சில்லறை என்று பெயர் வைத்தோம்.
மூன்று வருஷம் எதைப் போட்டாலும் தின்றது,
கோழித் தோல், தயிர் சோறு,
ஞாயிற்றுக்கிழமைக் குழம்பில் ஊறிய இட்லி.
பிறகு ஒரு கார்த்திகை மழையில்
காதுக்குள் சிவந்தது. அக்குள் கறுத்துத் தடித்தது.
வாலடியில் மயிர் உதிர்ந்து
தேய்ந்த பாய் மாதிரி ஆனது.

வேப்பேரி டாக்டர் ஊசி போட்டார்.
அடங்கியது, திரும்ப வந்தது.
மூன்றாம் தடவை
சீட்டைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் எழுதினார்:
எட்டு வாரம். ஒரே மீன். ஒரே காய்.
இதுவரை தின்னாததாக இருக்கட்டும்.
உப்பு வேண்டாம், மஞ்சள்கூட வேண்டாம்.
வேறு எதுவும், ஒரு பருக்கைகூட,
வாயில் படக்கூடாது.

கோழிக்கு ஒத்துக்கொண்ட வீட்டுக்காரர்
மீன் வாடைக்கு மட்டும் ஒப்பவில்லை இத்தனை வருஷம்.
தபித்தாள் மாடியேறிப் போனாள்.
"சமையல் இல்லைங்க, மருந்து" என்றாள்.
விடிவதற்குள் முடித்துவிடணும் என்ற நிபந்தனையோடு
இறங்கி வந்தாள்.

அன்றிலிருந்து மூன்றரை மணிக்குக் குக்கர்.
காசிமேட்டுக் கவலை மீன்,
முள் விரலில் நசுங்கும்வரை விசில் மேல் விசில்.
பறங்கிக்காயை மசித்துத் தராசில் வைப்பாள்,
எடுப்பாள்,
ஒரு சிட்டிகை திரும்ப வைப்பாள்.
மருந்துக் கடையில் மாத்திரை எண்ணும் கை.

நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதினாள்.
வாரம் 1: இரவில் சொறிந்தது 41 தடவை.
வாரம் 3: 38. இடது காது நாற்றம்.
வாரம் 5: 40.
ஓரத்தில் சின்னதாக: எனக்கும் தூக்கம் இல்லை.

ஆறாவது வாரம் டாக்டர் கேட்டார்,
"வெளியில் யாராவது ஏதாவது கொடுக்கிறார்களா?"
"இல்லை சார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்."
நான் கழுத்துப் பட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
சில்லறை என் சட்டைப் பையை முகர்ந்தது.

நான்தான்.
முதல் வண்டிக்குப் போகும்முன்
அதைக் காலார நடத்திப் போய்
மின்ட் பக்கத்து டீக்கடையில்
எனக்கொரு டீ, எங்களுக்கொரு பொறை.
தோய்த்துப் பாதி எனக்கு, பாதி அதற்கு.
ஒரு துண்டு என்ன செய்துவிடும்?
"ஒரு ஸ்டாப்தானே சார்" என்பவனை
தினம் விசிலடித்து இறக்கிவிடுகிற கண்டக்டர் நான்.

கோதுமை மாவும் பால் பவுடரும் டால்டாவும்
சேர்த்துச் சுட்டது அது.
பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு
பொறுமை என்று பொருள் எழுதி
மார்க் வாங்கியிருக்கிறேன்.
ஒருத்தி கவலையை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.
நான் பொறையைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வாயால் சொல்ல வரவில்லை.
அவள் குளிக்கப் போனபோது நோட்டை எடுத்து,
அவள் போட்ட கோட்டில் நிற்காத என் எழுத்தில்:
தினம் காலை 4.15. பொறை, பாதி. 42 நாள்.

வந்து படித்தாள்.
அடிஸ்கேலை எடுத்து
அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு இழுத்தாள்.
கோட்டுக்குக் கீழே மறுபடி எழுதினாள், வாரம் 1.
அன்று என் தட்டுக்கும் உப்பில்லாமல் வந்தது குழம்பு.
மறந்தாயா என்று நான் கேட்கவில்லை.

இப்போது நாலாவது வாரம்.
இரவில் 9 தடவை.
வாலடியில் பூனைமயிர் போல ஏதோ முளைத்திருக்கிறது,
டார்ச் அடித்துக் காட்டினாள்.
குற்றவாளி கோழியா கோதுமையா என்பதை
அப்புறம் ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்க்கணுமாம்.
அது எத்தனை மாசமோ.

டீக்கடையில் பாட்டில் மூடி திருகும் சத்தத்துக்கு
சில்லறை இன்னும் உட்கார்ந்துவிடுகிறது,
முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்து.
வெறுங்கையை விரித்துக் காட்டுகிறேன்.
நக்கிப் பார்க்கிறது,
நேற்றைய நாணய வாடை இருக்கும்.
எனக்கும் வெறும் டீ இறங்கவில்லை.
குடிக்கிறேன்.