குத்தாத ஊசி

மாலைப் பணியை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.
பெண்டிமியர் சமூக மன்றம், இரண்டாம் மாடி,
சிவப்பு விரித்த வட்ட மேசைகள்.
என் தட்டில் மட்டும்
'சைவம்' என்று குச்சியில் ஒரு கொடி.

மேடையில் பெயர்ப் பட்டியல் மாண்டரினில் ஓடுகிறது.
முப்பது ஆண்டாக ஊசி பிடித்தவர்கள்,
வேர்களின் பெயரை வெண்பலகையில்
எழுதி அழித்து எழுதியவர்கள்.
எனக்குப் புரிவது கைதட்டல்தான்.
அதிலும் நான் அரைகுறை,
வலத்தோள் இன்னும் காதுக்கு மேல் ஏறாது.

போன ஆண்டு இடுப்பையே தாண்டவில்லை.
பேருந்தின் பக்கக் கண்ணாடியைத் திருத்த
இருக்கையை விட்டு எழுந்து இடக்கையை நீட்டுவேன்.
உறைந்த தோள் என்றார்கள்.
இந்த ஊர் வெயிலில்
உறைவதற்கு என் தோள் எங்கே போய்க் கற்றது?

தோ பாயோ இலவச மருந்தகம். வரிசை எண் நாற்பத்தேழு.
கதவைத் திறந்ததும்
அதிமதுரம், என்றது மூக்கு, தமிழில்.
மருத்துவர் சுவா பெக் ஹியாங்கைச் சுற்றி
நான்கு மாணவர்கள்.
"இவர்கள் உங்களைப் பார்த்துப் படிக்கலாமா?"
ஹொக்கியன் பாதி, மலாய் பாதி.
முனையத்து உணவகத்தில் நான் பழகிய அதே கலவையில்
சரி என்றேன்.
அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் நான் பாடநூல்.

முதல் பக்கத்தைப் புரட்டியவள் லோ யீ திங்.
மணிக்கட்டில் அவள் விரல் பட்டதும் கையை இழுத்துக்கொண்டேன்.
"எப்படி இருக்கிறது?" என்றார் சுவா, என்னிடம்.
ஐஸ்.
யீ திங் வெளியே போய்
வெந்நீர்க் குவளையைப் பிடித்தபடி நின்றாள்.
வந்த பிறகுதான் நாடி.

நாடி.
எங்கள் மொழியில் துடிப்பும் அதுதான், மோவாயும் அதுதான்,
ஒன்றைத் தேடிப் போனாலும் அதுதான் என்றேன்.
சுவா சிரிக்கவில்லை.
குறிப்பேட்டில் மூன்று கோடு போட்டார்,
மணிக்கட்டில் தன் மூன்று விரல் அமரும்
அதே இடைவெளியில்.

ஐந்தாவது புதன். தட்டில் ஊசிகள் தயார்.
நாக்கை நீட்டச் சொன்னார்.
இரவில் எத்தனை முறை எழுகிறாய்?
ஒரு நடைக்கு எத்தனை போத்தல் தண்ணீர்?
பாதத்தில் எறும்பு ஊர்கிறதா?
கேட்டுக்கொண்டே எடுத்த ஊசியைத்
திரும்பவும் தட்டில் வைத்தார்.
மாணவர்களிடம் ஏதோ சொன்னார், நாலே சொல் இருக்கும்.
ஒருவன் பேனாவை மூடினான்.
பிறகு என்னிடம்:
"தோள் காத்திருக்கும்.
நாளைக்கே பலதுறை மருந்தகம் போ.
இரத்தத்தில் சர்க்கரை பார்க்கச் சொல்.
அது என் ஊசிக்கு எட்டாது."

இருந்தது. நிறையவே இருந்தது.

மறுபடி போனபோது
மாத்திரைப் பட்டையைக் கேட்டு வாங்கி
பெயரை எழுத்தெழுத்தாக அட்டையின் தலையில் எழுதி
என்னையே ஒருமுறை சரிபார்க்கச் சொல்லி
அப்புறம்தான் முதல் ஊசி.

"கோ-மா-லா-வாலி!"
ஒலிபெருக்கி கோமளவல்லியை நாலாய் உடைத்துக் கூப்பிடுகிறது.
நோயாளி சார்பில் இரண்டு நிமிடம்.
எழுதிவந்த மலாய்த் தாள் கைப்பையிலேயே கிடக்க
தமிழில் சொன்னேன்:
இவர் எனக்குப் போட்ட ஊசிகளை நான் எண்ணவில்லை.
போடாத ஒன்றுக்கு மட்டும் கணக்கு வைத்திருக்கிறேன்.

அதே வரியை மலாயில் முணுமுணுக்க,
யீ திங் அதை மாண்டரினாக்கினாள். என்னுடையதைவிட நீளம்.
நான் வைக்காத இடத்தில் மண்டபம் சிரித்தது.
சுவா மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது கடைசித் தட்டு.
பாலில் மிதக்கும் மாம்பழம், சவ்வரிசி.
கரண்டியை எடுக்கிறேன்.
பளபளக்கும் கண்ணாடி விருதை ஒரு கையில் அணைத்தபடி
வந்து உட்கார்கிறார் சுவா.
மேசை விரிப்புக்குக் கீழே
என் மணிக்கட்டில் மூன்று விரல்.
வெதுவெதுப்பு.

மறுகையால்,
விருதை மடியில் சாய்த்துவிட்டு,
என் கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்கிறார்.