களத்தில் மினுங்குவது

வெயிலில் நெத்திலியும் ஊசியும்
ஒரே மாதிரிதான் மினுங்கும்.
மண்டபம் வடகடல் ஓரம் இருபது வருசம்
கருவாடு காயப்போட்ட கண்ணுக்கே
குனிந்தால்தான் தெரியும்.

முதல் ஊசி என் குதிகாலில் ஏறியது.
இரண்டாவது மூட்டைக்குள் ஏறி
தூத்துக்குடி கம்பெனி வரைக்கும் போய்
போட்டோவாகத் திரும்பியது என் போனுக்கு.
எழுபது கிலோ. பணம் வரவில்லை.
குதிகாலுக்காகப் பெரியாஸ்பத்திரியில்
மூன்று தடவை ரத்தம் எடுத்தார்கள்.
முடிவு தெரியும்வரை
என் டம்ளரைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தேன்,
அப்படியெல்லாம் ஒட்டாது என்று
அப்போது சொல்ல ஆளில்லை.

ஆகவே
பழைய ஐஸ் கம்பெனியில் ரூம் திறக்கிறார்கள்,
போட்டுக்கொள்கிறவன் உள்ளே வந்து போட்டுக்கொள்ளலாம்,
நர்ஸ் ஒருத்தி பார்த்துக்கொண்டே இருப்பாள்
என்றதும்
மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது.
கேட்டில் தொங்கிய பூட்டு என் வீட்டுப் பூட்டு.
நரிக்கு நாட்டாமை கொடுத்தால்
கிடைக்கு இரண்டு ஆடு கேட்குமே, ஐயா, என்றேன்
கலெக்டர் ஆபீஸில் இருந்து வந்தவரிடம்.
ஆறு மாசம் பாருங்கள் அம்மா,
பிறகு நீங்களே வந்து பூட்டுங்கள் என்றார்.
பூட்டைக் கழற்றினேன்.
சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எண்ண ஆரம்பித்தேன்,
கருவாட்டுக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்.
ஆடியில் நாற்பத்தொன்று.
ஆவணியில் முப்பத்தெட்டு. பார்த்தீர்களா, பார்த்தீர்களா
என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன்.
புரட்டாசியில் பதினாறு. யாரிடமும் சொல்லவில்லை.
ஐப்பசி மழை; களம் போடவில்லை.
கார்த்திகையில் நான்கு.
அதில் ஒன்று துருவேறிப் பழசு,
சேர்ப்பதா விடுவதா என்று
ஒரு சாயங்காலம் முழுக்க எனக்கும் எனக்கும் சண்டை.

திருட்டு நிற்கவில்லை, அதையும் எழுதியிருக்கிறேன்.
இரண்டு சைக்கிள், ஒரு எஞ்சின் பேட்டரி,
கோயில் மோட்டாரின் செம்புக் கம்பி.
எல்லாம் அந்த ரூமால் என்றாள் பிலோமி.
போன வருசமும்தானே போச்சு?
சொன்னது என் வாய்தான்.
பரமக்குடி பஸ்ஸில் வெளியூர்ப் பயல்கள் இறங்குகிறார்கள் என்றாள்.
அதுவும் நிஜம். இரண்டு பேரை நானே பார்த்தேன்.
ஐஸ் கம்பெனிக்கு வழி கேட்டார்கள்.
காட்டினேன்.

பிலோமியின் ரீகன்
போன பங்குனியில் இரண்டு வள்ளங்களுக்கு நடுவே படுத்திருந்தான்.
தூங்குகிறான் என்று சுற்றி வந்து மீன் பரப்பினோம்
அவன் அம்மாவும் நானும்.
நிழல் நகர்ந்தது.
அவன் நகரவில்லை.

மார்கழியில் ஒரு மத்தியானம்,
என் ஐஸ் பெட்டியைத் தூக்கிப்போய் விற்ற பயல்
அந்த ரூமுக்குள் போகிறான் என்று
பின்னாலேயே நுழைந்தேன், சட்டையைப் பிடிக்க.
பத்து நிமிசம் ஜெசிந்தா சிஸ்டர் விடவில்லை, வாசலிலேயே நிறுத்தினாள்.
பிறகு அவளே கத்தினாள், அக்கா, இங்கே வா என்று.
அவன் உதடு சுறாத் தோல் நிறத்தில்.
மூக்கில் ஏதோ மருந்து பீச்சினாள்.
முகமூடியை நான் அமுக்கிப் பிடிக்க
அவள் பலூனை அழுத்தினாள்.
விடு, விடு, மூச்சை விடு.
கடலுக்குப் போனவனைக் கரையில் நின்று எண்ணுவதுபோல
எண்ணினேன், எது வரைக்கும் என்று நினைவில்லை.
என் சேலையில் வாந்தி எடுத்தான்.
மணி என்ன என்று கேட்டான்.
பெட்டியைப் பற்றி நான் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

நாளைக்குக் கூட்டம்.
பிலோமி வருவாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து
நோட்டைப் பிரிக்கத் தைரியம் இருக்கிறதா தெரியவில்லை.
உன் பிள்ளைக்கு வராமல் போன ரூம்
என்று அதில் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை,
ஆனால் அவள் படித்துவிடுவாள்.

சாவி இடுப்பில் கனக்கிறது, உப்புக் காற்றில் பச்சை பிடித்து.

இன்று காலை களத்தில் ஒன்று மினுங்கியது.
குனிந்தேன்.
நெத்திலி.
மணலைத் தட்டி வாயில் போட்டுக்கொண்டேன்.
உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு.